இல்லை என்று காட்டிய திரை

பாகீரதி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கம்பெனியில் வயதில் மூத்தவள் அவள்தான். திருவனந்தபுரத்தில் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்குக்கு வெளியே, நெடுஞ்சாலையைப் பார்த்த ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அது இருந்தது. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சிறிய கம்பெனி. முதலாளி மஹேஷ் கரமனையில் அவளுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தான். தெருவில் பார்த்தால் மன்னி என்பான், ஆபீசுக்குள் மேடம். அந்த வித்தியாசத்தை இருவரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை, தானாக அமைந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில வருஷம் சென்னையில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவள். கணவன் சுந்தரராமனுக்குத் திருவனந்தபுரம் மாற்றலானதும் விட்டாள். பெண் ஹைஸ்கூலுக்குப் போன பிறகு, 2004-ல், மறுபடி வேலை தேடினாள். அவளுக்குத் தெரிந்தது டேட்டாபேஸ். மஹேஷுக்குத் தேவைப்பட்டதும் அதுதான், ஆனால் தேவை என்று அவனுக்கு அப்போது முழுதாகத் தெரியாது.

கம்பெனியின் மென்பொருள் எல்லாம் மைஎஸ்க்யூஎல் மேல் ஓடியது. லைசென்ஸ் கட்டணம் இல்லாத டேட்டாபேஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பெரிய கம்பெனிகளின் டேட்டாபேஸை வாங்க முடியாத நடுத்தர மருத்துவமனைகளும் அதனால்தான் மஹேஷிடம் வந்தன. ஆனால் இலவசமாகக் கிடைத்ததற்குப் பராமரிப்பும் வேண்டாம் என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது. புரோகிராம் எழுதின பையன்கள் எழுதி ஓட்டிக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார்கள். சிலர் பெங்களூருக்கே போய்விட்டார்கள்.

முதல் சில மாதங்கள் பாகீரதிக்கு நல்ல பெயர்தான். அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் நகரத்துக்குள் இருந்த ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே பில் போடும் கவுண்டரில் உச்சிப் பொழுதானால் வரிசை வாசல் வரை நீளும். ஒவ்வொரு பில்லுக்கும் டேட்டாபேஸ் முழு அட்டவணையையும் முதலிலிருந்து கடைசி வரை தேடிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்து, எந்தப் பதிவு எங்கே என்று காட்டும் ஒரு இண்டெக்ஸ் சேர்த்தாள். அதோடு வரிசை கரைந்தது. மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி தாணு, போன் செய்து மஹேஷைப் பாராட்டினார்.

அதன் பிறகு அவள் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கேட்டாள். எதற்கு என்று மஹேஷ் விசாரித்தான். தினமும் மருத்துவமனையிலிருந்து பேக்கப் வருகிறதே, அதை எடுத்து வேறொரு மெஷினில் போட்டுப் பார்க்க வேண்டும், அது எழுந்து நிற்கிறதா என்று தெரிய வேண்டும் என்றாள். பேக்கப்தான் ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறதே என்றான் அவன். வருகிறது, திறந்து பார்த்தவர் யாராவது உண்டா என்று அவள் கேட்டாள். பிரஜின் என்ற மலையாளி புரோகிராமர் மூலையில் கிடந்த ஒரு மெஷினைத் துடைத்து, மெமரி மாற்றி, அவள் மேஜைக்குக் கீழே வைத்துக் கொடுத்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில் அவள் அதை முதன்முதலாகச் செய்தாள். வந்திருந்த பேக்கப்பை விரித்துப் பழைய மெஷினில் ஏற்றச் சொல்லிவிட்டு, நேரமாகும் என்று நினைத்து டிபன் பாக்ஸைக் கழுவி வைக்கப் போனாள். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அவ்வளவு சீக்கிரம் முடியக்கூடாது.

உள்ளே பார்த்தாள். பேக்கப் அட்டவணைகளைப் பெயரின் அகரவரிசையில் எடுக்கும். முதலில் வரவேண்டிய சில மட்டும் இருந்தன. இரத்த வங்கியின் ஒரு அட்டவணை பாதியில் நின்றது. அதற்குப் பின் வரவேண்டிய எதுவும் இல்லை. நோயாளிகள் இல்லை, பில்கள் இல்லை, மருந்து இருப்பு இல்லை. முந்தின வாரத்துப் பேக்கப்பை எடுத்தாள். அதுவும் அதே இடத்தில் நின்றது. அதற்கு முந்தினதும் அப்படியே. பேக்கப் எடுக்கும் புரோகிராம் ஒவ்வொரு தடவையும் தவறு நேர்ந்தது என்று ஒழுங்காக மெயில் அனுப்பியிருக்கிறது. அந்த மெயில் போன விலாசம், எப்போதோ பெங்களூருக்குப் போன பையனுடையது.

இன்னும் பழைய பேக்கப்புகளையும் பாகீரதி எடுத்துப் பார்த்தாள், மாதக்கணக்காக இதே கதை. ஆனாலும் எதுவும் தொலைந்துபோகவில்லை, மருத்துவமனையில் மூலப் பிரதி ஓடிக்கொண்டிருக்கிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். பேக்கப் ஏன் அந்த அட்டவணையில் வந்து நிற்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. மருத்துவமனைக்குப் போகும் இணைப்பின் வழியாக அந்த அட்டவணையிடமே இரண்டு விதமாக எண்ணிக்கை கேட்டாள். உன்னிடம் எத்தனை பதிவுகள் என்று கேட்டதற்கு அது ஒரு எண் சொன்னது. இண்டெக்ஸ் வழியாக ஒவ்வொன்றாக எண்ணிச் சொல் என்றபோது வேறு எண் வந்தது, முன்னதைவிடக் குறைவாக.

பிரஜினைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் அங்கே கரண்ட் போய் யூபிஎஸ்ஸும் கைவிட்டு சர்வர் சட்டென்று அணைந்ததே, அப்போது பட்ட அடியாக இருக்கும் என்றான். அவள் நினைத்ததும் அதுதான்.

"பதிவு உள்ளதான் இருக்கு," என்றாள் அவள். "ஆனா இண்டெக்ஸ்ல இல்லை. லைப்ரரில புஸ்தகம் அலமாரில இருக்கு, அட்டைப் பெட்டில அதோட அட்டை மட்டும் காணோம்னா எப்படியோ, அப்படி. அட்டையப் பாத்துச் சொல்றவா புஸ்தகமே இல்லைம்பா."

"அப்போ ஸ்கிரீன்ல எரர் வராதா சேச்சி?"

"வராது. பதிவு எதுவும் இல்லைன்னு வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே முழுதாக உறைத்தது. அந்த அட்டவணை எதற்கானது என்று அவளுக்குத் தெரியும். அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் சிலருடைய உடம்பில், ஏற்றிய இரத்தத்துக்கு எதிராக ஒரு பொருள் உண்டாகிவிடும். சில மாதம் கழித்துச் சோதித்தால் அது தெரியாது, அவ்வளவு குறைந்துபோயிருக்கும். ஆனால் அதே மாதிரி இரத்தம் மறுபடி ஏறினால் விழித்துக்கொண்டு, ஏறிய இரத்தத்தை அழிக்கும். ஆள் பிழைப்பதே கஷ்டமாகலாம். ஆகவே ஒரு தடவை கண்டுபிடித்ததை எப்போதைக்குமாகப் பதிந்து வைப்பார்கள். புதிதாக இரத்தம் கொடுக்கும் முன் அந்தப் பதிவைத் திறந்து பார்ப்பார்கள். இப்போது சிலருக்கு அந்தத் திரை இல்லை என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

மஹேஷின் அறைக்குப் போய்ச் சொன்னாள். அவன் கதவைச் சாத்தச் சொன்னான். பேக்கப் விஷயம் அவனை முதலில் பயமுறுத்தியது. மாதக்கணக்காகப் பேக்கப் இல்லாமல் ஓட்டினோம் என்று தாணு சாருக்குத் தெரிந்தால் கம்பெனியே போய்விடும், வேறு எந்த மருத்துவமனையும் வாசலில் நிற்கவிடாது என்றான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம் குறைவு, அன்றைக்குப் போய்ச் சத்தமில்லாமல் சரிசெய்துவிடலாம் என்றான். அவன் கெட்டவன் அல்ல. பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவன், அவனுடைய யோசனை அந்தப் பக்கமாகத்தான் முதலில் ஓடும்.

பாகீரதி இரத்த வங்கியைப் பற்றிச் சொன்னாள். அவன் முகம் மாறியது. சற்று நேரம் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டிருந்தான். பிறகு தாணுவுக்கு போன் போட்டான். அவர் டிரஸ்டிகள் கூட்டத்தில் இருக்கிறார், சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிடச் சொல்கிறேன் என்றாள் அவருடைய உதவியாளர்.

"அவர் வரட்டும், சொல்லிடலாம்," என்றான் மஹேஷ்.

"அதுவரைக்கும் அங்க ரத்தம் குடுக்கறதை யார் நிறுத்தி வைப்பா?"

"மன்னி, நேரா கீழ இருக்கறவாகிட்டச் சொல்லிட்டா அது ஆஸ்பத்திரி பூராப் பரவிடும். மேல சொல்லிட்டுத்தான் செய்யணும். முறைன்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

அவன் மன்னி என்றதை இருவருமே கவனித்தார்கள். பாகீரதி கதவைத் திறந்தாள். வெளியே வந்து, தன் மேஜையிலிருந்து இரத்த வங்கிக்கு போன் செய்தாள். அவன் அறைக் கண்ணாடி வழியே அவளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். எழுந்து வந்து தடுக்கவில்லை.

போனை எடுத்தவள் ஜெபமலர். அங்கே சீனியர் டெக்னீஷியன், குழித்துறைப் பக்கத்துக்காரி. மென்பொருளில் எது மக்கர் செய்தாலும் முதலில் கூப்பிடுகிறவள் அவள்தான் என்பதால் இருவருக்கும் நல்ல பழக்கம். பாகீரதி சுற்றி வளைக்காமல் சொன்னாள்: பழைய எதிர்ப்பொருள் பதிவுகளில் சிலது திரையில் வராது, இல்லை என்று வந்தால் நம்பாதே, இன்றைக்கு யாருக்காவது கொடுக்கப் போகிறாயா?

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒரு அம்மைக்கு எடுத்து வச்சாச்சுல்லா அக்கா. வடிவம்மாள். மாசா மாசம் வருவாவ. நான் இப்பம்தான் கம்ப்யூட்டர்ல கேறிப் பாத்தேன், ஒண்ணுமில்லேன்னு வந்துது."

"கிராஸ் மேட்ச்? ரத்தம் ஒத்துப்போறதான்னு பாத்தியா?"

"அதும் சரியாத்தான் இருக்கு. ஆனா இவியளுக்கு முந்தி என்னமோ இருந்தமாதிரி எனக்கொரு ஞாபகம். ஸ்கிரீன்ல இல்லேன்னதும் வேற ஆளா இருக்கும்னு விட்டுட்டேன்."

"ஏத்தாதே. நாங்க வரோம்."

ஜெபமலர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பையை வார்டுக்கு அனுப்பாமல் திரும்பக் குளிர்பெட்டியில் வைத்தாள். வார்டு டாக்டர் போனில் கோபப்பட்டார் என்றும், கம்ப்யூட்டர் சரியாகும் வரை தர முடியாது என்று தான் திருப்பித் திருப்பிச் சொன்னதாகவும் பிறகு பாகீரதியிடம் சொன்னாள்.

மஹேஷ் கார் சாவியை எடுத்துக்கொண்டு வந்தான். போகலாம் என்று மட்டும் சொன்னான். பாகீரதியும் பிரஜினும் ஏறினார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது. பிரஜின் மடியில் காலி ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் குழந்தையைப்போல வைத்துக்கொண்டிருந்தான்.

தாணு கூட்டம் முடிந்து அறைக்கு வந்திருந்தார். மஹேஷ் உள்ளே போனான். அவன் எதையும் மறைக்கவில்லை. பேக்கப் இத்தனை காலம் சரியில்லை, அதை நாங்கள் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்றான். இப்போது சிஸ்டம் முழுவதையும் சில மணி நேரம் நிறுத்த வேண்டும் என்றான். தாணு குரலை உயர்த்தாமல் மலையாளத்தில் திட்டினார். உயர்த்தியிருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும். பட்டப்பகலில் நிறுத்தினால் கவுண்டர் என்ன ஆகும் என்று கேட்டார். பாகீரதி தான் சொல்ல அனுமதி கேட்டு, காத்திருந்தால் ஒவ்வொரு புதுப் பதிவும் அடிபட்ட அட்டவணையின் மேல் எழுதப்படும், காப்பாற்றக்கூடியதும் போய்விடலாம் என்றாள். இரத்த வங்கிக்கு ஏற்கெனவே போன் செய்துவிட்டதையும் அவளே சொன்னாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு மஹேஷைப் பார்த்தார். கவுண்டர்களுக்குக் கையால் பில் எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார்.

சர்வர் அறையில் ஏ.சி. சத்தம் மட்டும். டேட்டாபேஸை நிறுத்தியதும் பிரஜின் பழக்கத்தில் ரிப்பேர் கட்டளையை அடிக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ரிப்பேர் செய்கிற வேலை, படிக்க முடியாததைத் தூக்கி எறிந்துவிட்டு மீதியை அடுக்குவது. இருக்கிற ஒரே பிரதியின் மேல் அதைச் செய்து, நடுவில் ஏதாவது ஆனால் திரும்பிப் போக இடம் கிடையாது. முதலில் எல்லாக் கோப்புகளையும் அப்படியே காலி டிஸ்குக்கு நகல் எடுக்க வைத்தாள். பிறகு அந்த நகலுக்கும் ஒரு நகல். அதன் மேல்தான் ரிப்பேர்.

நகல் ஓடிக்கொண்டிருந்த நேரம்தான் அவளுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. செய்வதற்கு எதுவும் இல்லை. வெளியே கவுண்டரில் ஜனங்கள் சத்தம் போடுவது கேட்டது. அடிபட்டது அந்த ஒரு அட்டவணைதானா, மற்றவை எப்படி இருக்கும் என்று மனது ஒவ்வொன்றாகப் போய்வந்தது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் தொலைந்தால் ஒரு பாலிசி தொலையும். இங்கே தொலைவது என்ன என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முயன்றாள். மஹேஷ் மூன்று டீ வாங்கி வந்தான். அவளுக்குச் சர்க்கரை குறைவாக என்று நினைவு வைத்திருந்தான். அதை நீட்டும்போதும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மற்ற அட்டவணைகள் எல்லாம் சோதனையில் தேறின. ரிப்பேர் முடிந்ததும் அடிபட்ட அட்டவணையில் ஏறக்குறைய எல்லாமே திரும்பி வந்தன. சில பதிவுகள் மட்டும் படிக்க முடியாமல் போயின. வரிசை எண்களில் விழுந்த இடைவெளியை வைத்து அவை எவை என்று தெரிந்தது. அந்த எண்களுக்குரிய சோதனை முடிவுகளை லேப்பின் பழைய தாள்களிலிருந்து தேடி எடுத்து ஜெபமலர் மறுபடி பதிவது என்று முடிவாயிற்று.

ஜெபமலரே சர்வர் அறைக்கு வந்து நின்றாள். வடிவம்மாளின் எண்ணைச் சொன்னாள். பாகீரதி அடித்தாள். இந்தத் தடவை பதிவு வந்தது. போன வருஷம் எடுத்தது. எதிர்ப்பொருள் உண்டு, இன்ன வகை இரத்தம் ஏற்றக்கூடாது என்று இருந்தது. ஜெபமலர் இரண்டு தரம் படித்தாள்.

"எடுத்து வச்ச பை?" என்று கேட்டான் மஹேஷ்.

"அந்த வகையான்னு பாக்கணும்," என்றாள் ஜெபமலர். போனாள். திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்று தலையை மட்டும் அசைத்தாள். அந்த வகைதான்.

மஹேஷ் அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தான். பிறகு பிரஜின் சர்வரை எழுப்பலாமா என்று கேட்டான். எழுப்பினார்கள்.

பொருத்தமான இரத்தம் ஜெபமலருக்கு உடனே கிடைக்கவில்லை. வேறு இரத்த வங்கிகளுக்குச் சொல்லி வைத்து மறுநாள் வாங்கினாள். வடிவம்மாளுக்கு அது ஒழுங்காக ஏறியது. மழைக்குப் பிறகு முந்தின மாதங்களில் ஏற்றியவை தற்செயலாக வேறு வகையாக அமைந்திருந்தன என்று ஜெபமலர் பிறகு தேடிப் பார்த்துச் சொன்னாள்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் நல்லதாகவே நடந்தது என்று சொல்ல முடியாது. தாணு இரண்டு வாரம் மஹேஷின் போனை எடுக்கவில்லை. புதிதாகத் தருவதாகச் சொல்லியிருந்த மருந்தகப் பிரிவு வேலையை வேறு கம்பெனிக்குக் கொடுத்தார். பழையதைத் தொடர இரண்டு நிபந்தனை போட்டார்: மருத்துவமனையிலேயே இன்னொரு சர்வர் நின்று ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் நகலெடுக்க வேண்டும், பேக்கப்பை மாதம் ஒருமுறை தன் ஆள் முன்னால் திறந்து காட்ட வேண்டும். இரண்டுமே பாகீரதி மஹேஷுக்கு முன்பே எழுதிக் கொடுத்த யோசனைகள் என்பதை அவன் அங்கே சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவில்லை.

அவனுக்கு அவள்மேல் வருத்தம் இருந்தது. மேலே சொல்லிவிட்டுத்தான் என்று தான் சொன்ன பிறகும் அவள் போன் செய்தது அவனுக்கு ஆறவில்லை. செய்தது சரி என்று ஒப்புக்கொள்ளாமலும் இருக்க முடியவில்லை. ஒருநாள் மாலை கரமனையில் பஸ் இறங்கி வரும்போது எதிர்ப்பட்டான்.

"அன்னைக்கு நீங்க பண்ணலைன்னா நான் மத்தியானம் வரைக்கும் காத்துண்டிருப்பேன், மன்னி," என்றான். "அதை நெனச்சா தூக்கம் வரதில்லை. ஆனா இன்னொரு தரம் எங்கிட்ட சொல்லிட்டுப் பண்ணுங்கோ."

"சொல்லிட்டுத்தான் பண்ணினேன். நீங்க கண்ணாடி வழியாப் பாத்துண்டுதானே இருந்தேள்."

அவன் சிரித்தானா இல்லையா என்று சொல்ல முடியாத மாதிரி முகம் போயிற்று. சுந்தரராமனை விசாரித்துவிட்டு நடந்தான்.

அட்டவணைகளை எல்லாம், கரண்ட் போனாலும் பாதியில் நிற்காத வேறு வகைக்கு மாற்றும் வேலை பல வாரம் இழுத்தது. அந்த வகை பத்திரமானது, ஆனால் சில கணக்குகளுக்கு மெதுவானது. மாதக் கடைசி அறிக்கை முன்பைவிட நேரம் எடுக்கிறது என்று கணக்குப் பிரிவில் புகார் வந்தது. அவள் ஒவ்வொரு அறிக்கையாக உட்கார்ந்து பார்த்து வேகப்படுத்தினாள். அப்போது அவளைப் பாராட்டி யாரும் போன் செய்யவில்லை.

இரண்டாவது சர்வரை வைக்கப் போன அன்று இரத்த வங்கி வாசல் பெஞ்சில் ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெளிறிய முகம், கையில் பிளாஸ்டிக் கூடை. பக்கத்தில் நின்ற கணவர் பூதலிங்கம், சாலை என்னும் கடைத்தெருவில் அரிசி மொத்தக் கடையில் மூட்டை இறக்குகிறவர். ஜெபமலர் பாகீரதியைக் கண்டதும், இவர்தான் கம்ப்யூட்டர் பார்க்கிற அக்கா என்று அந்த அம்மாளிடம் சொல்லி, பாகீரதி பக்கம் திரும்பி, வடிவம்மாள் என்றாள்.

வடிவம்மாள் பாகீரதியை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒம்ம கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சுன்னு என்னைய ஒருநாள் பூராக் கெடத்திட்டாவ, கேட்டேளா. எங்க வீட்டுக்காரருக்குக் கூலி போச்சு. ரத்தம் ஏத்துறது என் உடம்புலயா, கம்ப்யூட்டருக்கா?"

ஜெபமலர் வாயைத் திறந்தாள். பாகீரதி வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அந்தப் பெஞ்சில், அந்த உடம்போடு இருக்கிறவளிடம் அன்றைக்கு என்ன ஆகியிருக்கும் என்று சொல்லி என்ன ஆகப் போகிறது?

"எங்க தப்புதான் அம்மா," என்றாள். "இனிமே அப்படி ஆகாமப் பாத்துக்கறோம்."

"பாத்துக்கிடுங்க," என்றாள் வடிவம்மாள், கொஞ்சம் தணிந்து. "நான் மாசாமாசம் வரணும்லா."

உள்ளே இருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். பூதலிங்கம் கூடையை வாங்கிக்கொண்டு கைகொடுத்து எழுப்பினார். பாகீரதி அவர்கள் உள்ளே போகும்வரை வழிவிட்டு நின்றாள். பிறகு பிரஜின் சர்வர் அறைச் சாவியோடு காத்திருப்பதாக யாரோ வந்து சொல்ல, மாடிப்படி ஏறினாள்.